ரோஜாக்கா

இன்சீன், ரங்கூன்
ஆடி 12, திங்கட்கிழமை

அன்பு மகன் மனோஜுக்கு அம்மா நாகரத்தினம் எழுதுவது. காளியம்மன் காவலில் நானும் அப்பாவும் உன் தங்கை சுனிதாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், ஆனால் நல்லாருக்கேன் அமே என்று நீ போனில் சொல்வதில் கால் பங்கைக் கழித்துவிட்டுத்தான் நம்புகிறேன், பெற்றவளுக்குத் தெரியாதா. நம் தெரு சின்னத்தம்பி மாமா தம்பி மகள் கல்யாணத்துக்காக வியாழக்கிழமை பினாங்கு வருகிறார், அவர் கையில் இந்தக் கடிதமும் ஒரு டப்பா பலாச்சாங்கும் கொடுத்து விடுகிறேன், இறால் நானே காய வைத்து வறுத்தது, ஈரக் கரண்டி போட்டுக் கெடுத்துவிடாதே. தமிழ் படிக்க வரவில்லை என்று கடிதத்தை வேறு யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. கோயில் பள்ளிக்கு மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் தூக்கத்தைக் கெடுத்து இழுத்துக்கொண்டு போனேனே, அது இந்த ஒரு கடிதத்துக்காகத்தான் என்று வைத்துக்கொள். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படி, யாரும் துரத்தவில்லை.

அப்பாவுக்கு மழை வந்தால் முழங்கால் வலியும் கூட வந்துவிடுகிறது, பட்டறை வேலையை விட்டு ஏழு வருஷமாகியும் ரயில் போகிற சத்தத்தைக் கேட்டால் போதும், அந்தப் பெட்டியில் எது தளர்ந்திருக்கிறது என்று கட்டிலில் படுத்தபடியே சொல்கிறார், யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறார். சுனிதாவுக்கு டவுனில் கியாக்டடா பக்கத்து ஆபீசில் வேலை நிரந்தரம் ஆகிவிட்டது, சம்பளம் வந்த அன்றே எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது, வந்தவுடன் அரிசியைப் போட்டுவிட வேண்டியதுதான், பசி நேரம் எல்லாம் இப்போது கரண்ட் நேரம்தான். இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. நான் எழுத உட்கார்ந்தது நீ போன மாதம் கேட்டதற்குப் பதில் சொல்ல. பெர்மிட் புரட்டாசியோடு முடியுது, இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடவா இல்லே வந்துடவா, நீ வான்னா வர்றேன், இருன்னா இருக்கேன் என்று கேட்டாய். பார்க்கலாம் என்று சொல்லிப் போனை வைத்தேன். நீ நினைத்திருப்பாய், அம்மா அப்பாவிடம் யோசனை கேட்கிறாள் என்று. அதெல்லாம் ஒன்றுமில்லை, அந்த ரோஜாக்காவை என்ன செய்வது என்று தெரியாமல்தான் முழித்துக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதே. திஞ்சான் தண்ணீர் விழா முடிந்து இரண்டு நாள் கழித்து நீ குரல் அனுப்பினாய் அல்லவா, பாதி இரைச்சல், நடுவில் நீ சொல்கிறாய், வேலை முடிஞ்சா ரோஜாக்காதான் அமே, வேறென்ன இருக்கு இங்கே என்று. எனக்குத் திக்கென்றது. யாரந்த ரோஜா அக்கா. அடுத்த வாரம் இன்னொன்று வந்தது, கறுப்புதான், பார்த்தா ஒரு மாதிரி இருக்கும், ஆனா பழகிட்டா விட முடியாது என்கிறாய். அதற்கடுத்ததில் கொஞ்சம் காரம்தான், ஆனா உள்ளே இனிப்பும் இருக்கு என்கிறாய். ஒரு மனுஷியை அது இது என்று பேசுகிறானே, இவ்வளவு நெருக்கமா என்று எனக்கு ஒரே எரிச்சல். உன் அப்பாவிடம் சொன்னால் அவர் கறுப்பும் காரமும்னா உன்னைத்தானே சொல்றான் என்று என்னையே கேலி செய்கிறார். சரி, நேராகவே கேட்டுவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பேச்சோடு பேச்சாக ரோஜாக்கா நல்லாருக்கா என்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா, நீ கொஞ்சமும் கூச்சப்படாமல் ரொம்ப நல்லாருக்கு அமே என்றாய். கூடவே, மழை பெஞ்சா மட்டும் கிடைக்காது என்றாய். மழைக்கு வராத அக்கா எப்படிப்பட்ட அக்காவோ என்று அன்று பூராவும் எனக்கு வேலை ஓடவில்லை.

முதலில் அவள் மேல் அப்படி ஒரு கோபம். அக்கா என்று சொல்வதால் உன்னைவிட மூத்தவள், உனக்கு இருபத்தேழு என்றால் அவளுக்கு முப்பத்திரண்டு முப்பத்துமூன்று இருக்கும், புருஷன் இல்லாதவளாக இருக்கலாம், இருந்தும் விட்டு வந்தவளாக இருக்கலாம், எல்லாம் நானே முடிவு செய்துகொண்டேன். மத்தியானம் கரண்ட் இல்லாமல் விசிறியை ஆட்டிக்கொண்டு படுத்திருப்பேன், கூரையில் மழை சத்தம், கண் பாதி மூடியிருக்கும், அவள் வந்து என் கால்மாட்டில் உட்காருவாள். நான்தான் சண்டை போடுவேன், அவள் பேசவே மாட்டாள். பின்பக்கம் ஒரு சின்னச் சமையலறை, ஜன்னல் வழியாகக் கடல் தெரியும், குளித்த தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு உனக்கு ரசம் வைப்பாள், நீ வேலையிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவாய், சாப்பிட்டாயா என்று கேட்பாள். அந்த ஒரு வார்த்தையை அவள் கேட்கிற விதம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது மனோஜ். எந்த நாளில் என் கோபம் போனது என்று எனக்கே தெரியாது. அப்புறம் நானே அவளிடம் பேச ஆரம்பித்தேன், அவனுக்குக் கத்தரிக்காய் ஆகாது, உடம்பு சொறியும், சொல்லி வைக்கிறேன் என்றேன். சரிங்கம்மா என்றாள். கறுப்பாக இருந்தால் என்ன, மூத்தவளாக இருந்தால் என்ன, பிள்ளைக்கு அங்கே ஒரு ஆள் இருக்கிறாள், அதனால் இரு என்றே பதில் சொல்லிவிடலாம் என்று மனதைத் தேற்றி வைத்திருந்தேன்.

போன புதன்கிழமை கண்ணாடி வாங்க ஊரைச் சுற்றி வருகிற வட்ட ரயிலில் ஏறி டவுனுக்குப் போனேன். சுனிதா மதியம் லீவு சொல்லிவிட்டு வந்தாள், கண்ணாடி போட்டதும் சூலே பகோடா கோபுரத்தின் தங்கம் கண்ணில் வந்து குத்துகிறது, இவ்வளவு நாள் மங்கலாகவா பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நின்றுவிட்டேன். மழை விட்டு வெயில் மாதிரி ஒன்று அடித்தது, ரோடெல்லாம் ஆவி. ஒரு சந்து முனையில் புதுசாக ஒரு வண்டிக் கடை, கண்ணாடிப் பெட்டிக்குள் அன்னாசியும் பச்சை மாங்காயும் கொய்யாவும் வெள்ளரிக்காயும் அடுக்கி வைத்திருந்தது. பர்மா எழுத்தில் பலகை, சுனிதா அதை யோஜெக் என்று படித்தாள், பர்மாக்காரர்களுக்குத்தான் ர வாயில் வராதே, ய என்றுதானே எழுதுவார்கள், எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கடைக்காரர் இப்ராஹிம், தமிழ்க்காரர், ஐம்பது வயசிருக்கும், பினாங்கில் பதினாலு வருஷம் இருந்துவிட்டு வந்தவராம். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு அவர் தமிழிலேயே, வாங்கக்கா, ரோஜாக் ஒரு தட்டு போடவா என்றார்.

நான் பையைக் கீழே போட்டுவிட்டேன். எந்த ரோஜாக்கா, அவளை உங்களுக்கு எப்படிப் பாய் தெரியும் என்று கேட்டேன். பாவம் அவர், காணாமல் போன யாரையோ தேடுகிறோம் என்று நினைத்து, இங்கே ரோஜான்னு யாரும் இல்லீங்களே, என் வீட்டுக்காரி பேரு ஜமீலா என்றார். பினாங்கில் இருக்கிறாளே, கறுப்பாக, என் மகனுக்குப் பழக்கம் என்று நான் விடாமல் சொல்ல, அவர் என்னையும் பார்த்து, பெட்டியையும் பார்த்து, அப்புறம் ஒரு தட்டை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டி, அக்கா, உங்க மகன் சொன்னது இதைத்தான், இது பேருதான் ரோஜாக், அங்கே உள்ள பழக்கலவை என்றார். சுனிதா சிரித்த சிரிப்பில் ஸ்டூலோடு சரிந்து பக்கத்து டீக்கடைக்காரன் வந்து தூக்கிவிட்டான். நானும் சிரித்தேன். சிரிக்காமல் எப்படி இருப்பது, மூணு மாசமாக ஒரு தட்டு மாங்காயோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

அப்புறம் அவர் எனக்காகவே பிசைந்து கொடுத்தார். பெரிய மண் சட்டி, அதில் தார் மாதிரி ஒரு கறுப்புக் குழம்பு, இறாலில் செய்வதாம், நம் நாப்பி விழுதின் வாசனைதான், ஆனால் வெல்லம் போட்டு அடக்கி வைத்தது. அதில் மிளகாய், புளி, வெட்டிய காயும் பழமும், மரக் கரண்டியால் இரண்டு புரட்டு, மேலே வறுத்த வேர்க்கடலைப் பொடி. நாம் நூடுல்ஸில் அத்தோ பிசைவதுபோல் கை வைக்கவில்லை. குச்சியால் குத்திக் கொடுத்தார். முதலில் நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பழத்தில் போய் நாப்பியா என்று நெளிந்தேன், பிறகு மாங்காயின் புளிப்பு, அதன் பின்னால் காரம், எல்லாம் அடங்கின பிறகு எங்கிருந்தோ ஒரு இனிப்பு வருகிறது. நீ சொன்னது அத்தனையும் சரி. கண்ணை மூடினேன், சூலே பக்கத்து பஸ் ஹாரனெல்லாம் தூரத்தில் போய்விட்டது, நான் உன் பக்கத்தில் நிற்கிறேன், கடற்கரைச் சுவர், ஈரக் காற்று, உன் வேலைச் சட்டையில் முதுகு நனைந்திருக்கிறது, நீ குச்சியால் அன்னாசியைக் குத்திக் குத்திச் சாப்பிடுகிறாய். நான் அக்கம்பக்கம் பார்க்கிறேன். உன்கூட யாருமே இல்லை.

அழுகை வந்துவிட்டது. அவள் இல்லை, அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரசம் வைக்கவும் ஆள் இல்லை, சாப்பிட்டாயா என்று கேட்கவும் ஆள் இல்லை. இப்ராஹிம் பாய் பயந்துபோய் காரம் கூடிப்போச்சா அக்கா என்றார், ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, அங்கே தினமும் இதைத் தின்பார்களா என்று கேட்டேன். அவர் சட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார், ருசிக்காக மட்டும் இல்லக்கா, நான் ரூம்ல தனியா கிடந்த காலத்துல கடைக்காரன் தெனம் ஒரு கேள்வி கேப்பான், காரம் போடவா வேணாமான்னு, அன்னைக்கு முழுக்க என்னை யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டாங்க, அதுக்காகவே போவேன் என்று. தட்டில் மிச்சம் இருந்ததை நான் வைக்காமல் தின்றேன். திரும்பி வருகிற ரயிலில் சுனிதா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வெளியே கீரைத் தோட்டமெல்லாம் தண்ணீரில் மிதந்தது, எது தோட்டம் எது வானம் என்று புதுக் கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியவில்லை. வீட்டில் கதையைக் கேட்டு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார், விளக்கு ஏற்றினதும் அப்போ அவனுக்கு யாரு சமைக்கிறா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார், அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

ஆகவே வந்துவிடு என்று எழுதத்தான் மனசு சொல்கிறது. வியாழன் வெள்ளி இரண்டு நாளும் அந்த ஒரு வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டே நடந்தேன், உன் கட்டிலில் கிடந்த மூட்டையைக்கூட எடுத்து வேறு இடத்தில் வைத்தேன். சனிக்கிழமை காலையில் வார்டு ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், பட்டாளத்துக்குப் பெயர் எடுக்கிற நோட்டைப் பிரித்து, வீட்டில் ஆம்பிளைப் பிள்ளை மனோஜ் என்று இருக்கிறதே, எங்கே, எப்போது வருவான் என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். வெளியூரில் இருக்கிறான், வரமாட்டான் என்று அப்பா சொன்னார். அவர்கள் போன பிறகு எழுந்து போய் வாசல் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். இதற்கு மேல் இதைப்பற்றி எழுத மாட்டேன், நீ புரிந்துகொள்.

வராதே சாமி. இரண்டு வருஷத்துக்கும் கையெழுத்துப் போட்டுவிடு. ஆனால் தனியாக இருக்காதே, அது ஒன்றுதான் நான் கேட்பது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போ, சாமி கும்பிடாவிட்டாலும் பரவாயில்லை, சோறு போடுகிற இடத்தில் போய் உட்கார், பக்கத்து இலைக்காரனிடம் பேச்சுக் கொடு. ரூமில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு முறை வைத்துச் சமையுங்கள். நாளைக்கு நிஜமாகவே ஒருத்தி உன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டால் ஓடிப்போகாமல் நின்று பதில் சொல். அவள் கறுப்போ சிவப்போ, மூத்தவளோ, தமிழோ பர்மாவோ மலாயோ, என்னிடம் தயங்காமல் சொல், அவளோடு போட வேண்டிய சண்டையையெல்லாம் நான் ஏற்கனவே போட்டு முடித்துவிட்டேன்.

அப்பா உன் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், சுனிதா உன்னைக் கேலி செய்யத் தனியாக ஏதோ அனுப்புகிறாளாம். காளியம்மன் நீ நடக்கிற வழியெல்லாம் முன்னால் நடக்கட்டும், நூறு வயசுக்கு நோய் நொடி இல்லாமல் இரு. கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணும்போது உன் குரலைக் கேட்டதும் நான் அழுவேன், அழுதுகொண்டே வந்துடுடா என்று சொல்லிவிடுவேன், கட்டாயம் சொல்வேன், என்னை எனக்குத் தெரியும். அதைக் காதில் வாங்காதே. இந்தக் காகிதத்தில் இருப்பதுதான் உன் அம்மா சொன்னது.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
செ. நாகரத்தினம்