கத்திரி வெயிலில் போர்வை கேட்டாள்

மச்சான், என் இடது முட்டியில் அந்தக் குளிர் இன்னும் இருக்கிறது. நேற்றுதான் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குத் திரும்பி வந்தோம். காரின் முன்சீட்டில் எனக்கு நேராக இருந்த காற்றுத் துவாரம் வழியெல்லாம் என் முட்டியைப் பார்த்தே ஊதிக்கொண்டு வந்தது. அதை மூடத் தெரியும். மூட மனசு வரவில்லை. வெளியே கத்திரி வெயிலில் தார் ரோடு தண்ணீர் தேங்கியதுபோல மினுங்குகிறது. உள்ளே என் முட்டிக்கு மட்டும் மார்கழி மாதம். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

சொல்ல வழியில்லை, எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். ஆமாம் மச்சான், நானே எழுதுகிறேன். நீ கண்ணை மூடிய பிறகு சாயங்கால வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டேன். ஒரு வரி எழுதுவதற்குள் டீ ஆறிவிடுகிறது. நீ மெதுவாகவே படி. உனக்கு இனி சவாரி ஒன்றும் காத்திருக்கவில்லையே.

நம் குமாரின் மகள், உன் பேத்தி கவிதாவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீடும் மண்டபமும் சிதம்பரத்தில். விடியற்காலை முகூர்த்தம் என்பதால் பெண்ணை முதல் நாளே அழைத்துப் போக வேண்டும். கிளம்புவதற்கு ஜோசியர் குறித்துக் கொடுத்த நல்ல நேரம் சரியாக உச்சி வெயிலில் வந்து விழுந்தது. சிக்கல் அங்கேதான். என் தங்கச்சி சரோஜா, உன் பெண்டாட்டி, போன வருஷம் இதே கத்திரியில் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்துவிட்டாள். இன்னொரு முறை இப்படி ஆனால் தாங்கமாட்டார்கள் என்று குமாரைத் தனியாகக் கூப்பிட்டு டாக்டர் சொன்னார். காரில் போகலாமே என்பாய். அவள் காரில் கண்ணாடியை ஏற்ற விடமாட்டாள் என்பது உனக்குத் தெரியாதா? ஏற்றினால் அவளுக்குக் குமட்டும். இறக்கினால் அனல் அடிக்கும்.

உன் மகன் குமார் பயந்துவிட்டான். “அம்மா, நீ வூட்லயே இரும்மா. தாலி கட்டுறத போன்ல வீடியோவுல காட்டுறேன்.”

“ஏன்டா, நான் செத்தா தூக்கிக்கினு போறதயும் வீடியோவுலதான் பாப்பியா?”

பாட்டிச் செல்லம் கவிதா அதற்கு மேல். “ஆயா பக்கத்துல ஒக்காந்தாதான் நான் கார்ல ஏறுவேன். இல்லன்னா மாப்பிள்ளைய இங்க வரச் சொல்லுங்க.”

சரோஜா ஏன் கண்ணாடியை ஏற்ற விடமாட்டாள் என்பது குமாருக்குக்கூடச் சரியாகத் தெரியாது. அது நீயும் நானும் செய்த வேலை.

உன் கல்யாணத்தன்று மாப்பிள்ளையும் நீதான், டிரைவரும் நீதான். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டில் தாலி கட்டி முடித்து, கழுத்து மாலையோடு உன் அம்பாசடர் டாக்சியின் ஸ்டியரிங்கைப் பிடித்தாய். அப்போதும் கத்திரிதான். நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் பேக்டரியில் வேலை பார்த்தேன். “எந்தங்கச்சி வேர்த்து ஒழுகிக்கினு மாமியார் வூட்டுல எறங்கக் கூடாது மச்சான்” என்று சொன்னேன். “அதுக்கென்னா, ஐஸுக்கா பஞ்சம் நம்மகிட்ட?” என்றாய். அவ்வளவுதான், நான் ஓடினேன். அரை பார் ஐஸை உமி போட்டுச் சாக்கில் சுற்றி, கல்யாணச் சோறு கொட்டிவைத்த அன்னக்கூடையில் இறக்கி, முன்சீட்டில் என் இரண்டு காலுக்கும் நடுவே வைத்துக்கொண்டேன். டேஷ்போர்டில் நீ மாட்டியிருந்த குட்டி விசிறியை அதன் பக்கம் திருப்பினாய். “கண்ணாடிய ஏத்து மச்சான், குளிர்ச்சி வெளிய பூடும்” என்றாய். நான்கு கண்ணாடியையும் ஏற்றினோம்.

ஆலப்பாக்கம் வரைக்கும் நாம் ராஜாக்கள். புதுச்சத்திரம் தாண்டும்போது ஐஸ் உருகி, உமித் தண்ணீர் அன்னக்கூடையிலிருந்து வழிந்து பின்சீட்டுப் பக்கம் ஓடியது. சரோஜா காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கூறைப்புடவையின் கரை நனைந்ததுதான் மிச்சம். அதுகூடப் பெரிதில்லை. நான் அவசரத்தில் எடுத்து வந்தது மீன் சாக்கு. விடிந்தால் மீன் கூடைகளுக்கு நடுவில் நிற்கிற என் மூக்குக்கு அது வாசமாகவே படவில்லை. ஏற்றிய கண்ணாடிக்குள் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பார். சிதம்பரத்தில் உன் அம்மா ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றார்கள். கார்க் கதவைத் திறந்ததும் தட்டோடு பின்னால் நகர்ந்தார்கள்.

“என்னாடா இது, பொண்ணக் கூட்டியாந்தியா, வஞ்சிரத்தக் கூட்டியாந்தியா?”

தெருவே சிரித்தது. சரோஜா அழுதாள். நீ மாலையைச் சரிசெய்துகொண்டு, “கடலூர் சீரும்மா, ஏத்துக்க” என்றாய். அன்று முதல் அவள் எந்தக் காரிலும் கண்ணாடியை ஏற்ற விட்டதில்லை. மூடிய கார் என்றாலே அவளுக்கு அந்த மீன் சாக்குதான்.

அதற்குப் பிறகு கடலூர் டாக்சி ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் என்னைக் கண்டால் ஏதோ முணுமுணுத்துச் சிரிப்பார்கள். அந்த மாதமே நீ பெயின்டரைக் கூப்பிட்டு உன் காரின் பின் கண்ணாடியில் சிவப்பில் இரண்டு சொல் எழுத வைத்தாய். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். “நடராஜர் துணை” என்று சொன்னாய், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். எனக்கு அப்படி ஒரு பக்தி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கார் கழுவும்போது அந்த எழுத்தை மட்டும் வலிக்காமல் துடைப்பேன். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அந்த நேரம் பார்த்து உனக்கு மட்டும் காரின் முன்பக்கத்தில் ஏதாவது வேலை இருக்கும்.

இப்போது குமாரின் காருக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம், வெயிலில் நின்ற காரில் என்னை ஏறச் சொன்னான். சீட்டில் வடை போட்டிருந்தால் வெந்திருக்கும். நான்கு கதவையும் திறந்து வைத்து அனலைப் போக விட்டான். பிறகு கதவைச் சாத்தி ஒரு பொத்தானை அமுக்கினான். தெரு முனைக்குப் போகவில்லை மச்சான், என் சட்டை காய்ந்துவிட்டது. மஞ்சக்குப்பம் போவதற்குள் கை மயிர் சிலிர்த்துக்கொண்டது. நான் வாழ்நாளெல்லாம் ஐஸ் தூக்கியவன். எனக்கே சிலிர்த்தது!

“ஐஸ எங்கடா வச்சிருக்கான்?” என்று கேட்டேன்.

“ஐஸே கெடையாது மாமா. ஒங்க பேக்டரியில இருந்த கம்ப்ரசர்தான். அதே மாதிரி கேஸ அழுத்திச் சுத்த உடுது.”

“டேய், அது யானை மாதிரி நிக்கும்டா. அதுக்குன்னு தனியா ஒரு கொட்டாயே இருந்தது.”

வண்டியை ஓரமாக நிறுத்தி, பானட்டைத் தூக்கிக் காட்டினான். உரித்த தேங்காயை விடக் கொஞ்சம் பெரிது. எங்கள் யானையை யாரோ தேங்காய்க்குள் அடைத்துவிட்டார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்து நின்றேன். கீழே குனிந்தால் காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது. “ஐயையோ, உருகுதுடா!” என்று கத்திவிட்டேன். குமார் சிரித்துச் சிரித்து ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். காற்றில் இருக்கிற ஈரம்தான் அப்படிச் சொட்டுகிறதாம். காருக்குள்ளே ஒரு அம்பு வளைந்து திரும்புவது போல் படம் போட்ட பொத்தான் ஒன்றும் இருக்கிறது. அதை அமுக்கினால் வெளிக்காற்றை எடுக்காமல், ஆறிய காற்றையே திரும்ப எடுத்து இன்னும் ஆற்றுமாம். எழுத்தே இல்லாத அந்தப் பொத்தானை, எழுத்து கற்றுக்கொண்ட பெருமையோடு நானே அமுக்கினேன்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். சரோஜாவை இதில்தான் அழைத்துப் போக வேண்டும். குமார் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்த மல்லிகை சென்டு டப்பாவைக் கழற்றி எறியச் சொன்னேன். உள்ளே ஒரு வாசமும் இருக்கக் கூடாது.

பெண் அழைத்த அன்று குமாரே கார் ஓட்டினான். பின்னால் கவிதாவும் சரோஜாவும். முன்னால், உன் காரில் உட்கார்ந்த அதே பக்கத்தில், நான். காலுக்கு நடுவே ஐஸ் மட்டும் இல்லை. சரோஜா ஏறியதுமே தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டாள். ரோடு இப்போது அகலம், வண்டிகளின் வேகமும் ஜாஸ்தி. அனல் அவள் முகத்தில் அறைந்தது. ஆலப்பாக்கம் வருவதற்குள் அவள் பேச்சு நின்றது. கவிதா கல்யாணப் பத்திரிகையால் விசிறினாள். திரும்பிப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் பார்த்த அதே முகம். குமார் முன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். “திருப்பிடட்டா மாமா?” என்றான். கவிதாவின் கண் நிறைந்துவிட்டது.

“சரோ, ஒரே ஒரு தடவ மூடிப் பாரு” என்றேன்.

“ஒன் ஐஸ்கார்ல ஒரு தடவ மூடுனது போதும்ணே.”

“மூடாத. மொதல்ல மோந்து பாரு. மீன் வாசம் வந்துச்சுன்னா நான் எறங்கி, சிதம்பரம் வரைக்கும் காரத் தள்ளிக்கினு வரேன்.”

அவளுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. பின்சீட்டுக்காரர்களுக்கென்று நடுவில் இருந்த துவாரத்துக்கு நேராகக் குனிந்து, கருவாடு வாங்குகிறவள் போல மோந்து பார்த்தாள். மறுபடியும் மோந்தாள்.

“ஒண்ணுமே வாசம் வல்லியே. வாசமே இல்லாம எப்பிடி குளுருது?”

“மூடட்டா ஆயா?” என்று கவிதா கேட்டாள். சரோஜா வேண்டாம் என்று சொல்லவில்லை. கவிதா பொத்தானைத் தொட்டாள். கண்ணாடி ஏறியது. ரோட்டின் இரைச்சல் அப்படியே அறுந்து நின்றது. நானும் கவிதாவும் அவள் முகத்தையே பார்த்தோம். குமார் மட்டும் ரோட்டைப் பார்த்தான்.

அவளுக்குக் குமட்டவில்லை. நெற்றி வேர்வை முதலில் காய்ந்தது. பிறகு உதட்டில் நிறம் வந்தது. புதுச்சத்திரம் தாண்டும்போது முந்தானையை இழுத்துத் தோளை மூடினாள். நமக்கு ஐஸ் உருகி வழிந்த அதே இடம், மச்சான்! முட்லூர் வருவதற்குள் குரல் வந்தது. “குமாரு, போர்வ எதனா வச்சிருக்கியா?”

கத்திரி வெயில், உச்சிப் பொழுது, என் தங்கச்சி போர்வை கேட்கிறாள்! என் துண்டை எடுத்துக் கொடுத்தேன். வாய்விட்டு அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அதனால் வழியில் கண்ட போர்டுகளையெல்லாம் சத்தமாகப் படித்தேன். பஞ்சர் கடை, இளநீர், வேகத்தடை, எதையும் விடவில்லை.

துண்டைப் போர்த்திக்கொண்டு சாய்ந்தபடி அவள்தான் சொன்னாள். “இதாண்ணே நெசமான மச்சான் ஏ.சி.”

“அது என்னா மச்சான் ஏ.சி.?”

“அவுரு கார்ல எழுதியிருந்தாரே, பின் கண்ணாடியில.”

“அது நடராஜர் துணை இல்ல?”

சரோஜா அஞ்சாவது வரை படித்தவள் அல்லவா? துண்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “இன்னுமா ஒனக்குத் தெரியாது! அந்த ஐஸ் கூத்துக்கு அப்பறம் ஸ்டாண்டுல எல்லாரும் ஒன்ன அப்பிடித்தான் கூப்புடுவாங்களாம். அவுரு அதயே எழுதி வச்சிக்கினாரு. நீ கோவிச்சிக்குவியோன்னு வேற பேரு சொன்னாரு. அப்பறம் பாத்தா நீ அதுக்குப் பொட்டு வச்சிக் கும்புட ஆரம்பிச்சிட்ட. அதுக்கப்பறம் எப்பிடிண்ணே சொல்றது?”

இத்தனை ஆயுத பூஜைக்கும் நான் கண்ணில் ஒற்றிக்கொண்டது என்னையேவா, மச்சான்? நீ வண்டிக்கு முன்னால் போய் நின்று சிரித்ததெல்லாம் இதற்குத்தானா? எனக்கு எழுத்து வருவதற்குள் உன் கார் போய்விட்டது. இதைத் தெரிந்துகொள்ள அவளுக்குக் குளிர் வர வேண்டியிருந்தது. கோபம் வருகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். வரவில்லை. நம் மீன் சாக்குக் கதையை ஊர் ஊராக முதுகில் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறாய் நீ. அதை நினைத்து வெள்ளாற்றுப் பாலம் முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

மண்டபத்தில் இறங்கியதும் அலங்காரம் செய்கிறவர்களிடம் ஒரு வெள்ளை அட்டையும் சிவப்பு மையும் வாங்கினேன். காரின் பின்பக்கமே நின்று எழுதினேன். நேரமாகியது. கவிதா கல்யாணப் பெண் என்பதை மறந்து எட்டிப் பார்த்து, “தாத்தா, ஒரு ‘ச்’ போச்சு! மசான்னு இருக்கு, சுடுகாடு மாதிரி” என்று கத்தினாள். நீயாக இருந்தால் அப்படியே விட்டிருப்பாய். நான் ‘ம’வுக்கும் ‘சா’வுக்கும் நடுவே மேலே ஒரு குட்டி ‘ச்’ செருகினேன். மச்சான் ஏ.சி. அட்டையைப் பின் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் கவிதாவுக்குச் சுற்றிய ஆரத்தித் தட்டிலிருந்து விரலால் தொட்டேன்.

இந்த முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் பொட்டு வைத்தேன், மச்சான். விரல் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது.