மச்சான் கூப்பிட்ட குரல்

நபுதாவா
14 ஏப்ரல் 1991

அன்புள்ள உனைசிக்கு,

நீயும் செராவும் மாமாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். போன கடிதத்துக்குப் பதில் இல்லை. லாரிக்கார ரகுபீர் மேல் பழியைப் போடலாம் என்று பார்த்தால், உன் கையிலேயே கொடுத்ததாகச் சத்தியம் செய்கிறார்.

புயலில் சமையல்கட்டின் கூரை பாதி போய்விட்டது. நாணல் வெட்டி வந்து வேய்ந்துவிட்டேன், மழை வந்தால் ஒரு மூலை மட்டும் ஒழுகும். உன் பாய்களைச் சுருட்டிப் பரணில் வைத்திருக்கிறேன். என் சமையலைப் பற்றி நீ கேட்கப்போவதில்லை, நானே சொல்கிறேன். நேற்று அவித்த மரவள்ளியை நாய்கள் மோந்து பார்த்துவிட்டுப் பேனி வீட்டுக்குப் போய்விட்டன. பேனி வந்து, "அண்ணே, உன் நாய்ங்க என் வீட்டு வாசல்ல உக்காந்து அழுவுது, அண்ணிய எப்ப கூட்டியாரப் போற?" என்று கேட்டான்.

காட்டுப் பன்றிகள் இறங்கி வந்து சேப்பங்கிழங்குத் தோட்டத்தை உழுதுவிட்டுப் போகின்றன. ஊரில் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். ஈட்டி இறவாணத்தில் செருகியபடியே இருக்கிறது. நெமானியைப் புதைத்த நாளிலிருந்து அதை நான் தொடவில்லை.

நெமானிக்காக மன்னிப்புக் கேட்டு நான் திமிங்கிலப் பல்லைக் கொண்டுவந்து வைத்தபோது மாமா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "முடிஞ்சுது. இனி இதப் பத்தி யாரும் பேசக்கூடாது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அதற்குப் பிறகு நீ வந்துவிடுவாய் என்று நினைத்தேன். மழைக்காலமும் முடிந்துவிட்டது. செரா இல்லாமல் வீட்டில் சத்தமே இல்லை, உனைசி. எப்போது வருகிறாய் என்று ஒரு வரி எழுது.

உன்
இசிகேலி


வைலோத்து
5 மே 1991

செராவின் அப்பாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. செரா நன்றாக இருக்கிறாள், ஒரு பல் விழுந்திருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி.

பதில் எழுதாததற்குக் காரணம், எழுதினால் என்ன எழுதுவேன் என்று எனக்கே பயமாக இருந்ததுதான். அப்பா பல்லை வாங்கிக்கொண்டார். நான் வாங்கவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை. அது ஆண்களுக்குள் நடந்த விஷயம். நான் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர்கள் குடித்த யங்கோனாக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். "அவன் கூப்பிட்டான், நான் சிரிச்சேன்" என்று நீங்கள் சொன்னதையும் கேட்டேன்.

நீங்கள் மறைக்கவில்லை. மறைத்திருக்கலாமே என்றுகூட நான் பல நாள் நினைத்ததுண்டு. பன்றி குத்திவிட்டது என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் அழுதுவிட்டு உங்கள் வீட்டுக்கே வந்திருப்பேன். இப்போது கண்ணை மூடினால், என் தம்பி நாணலுக்குள் கிடந்து கத்துகிறான், நீங்கள் மேட்டில் நின்று சிரிக்கிறீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் அதன் பக்கத்தில் படுத்திருக்கிறேன். இனி முடியுமென்று தோன்றவில்லை.

ஆகஸ்டில் துக்கம் களைகிறோம். அதற்குப் பிறகு நான் லௌதோகாவுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அங்கே பெரியம்மா துணி தைக்கும் தொழிற்சாலையில் எனக்கு இடம் கேட்டிருக்கிறாள். செராவை அங்கேயே பள்ளியில் சேர்த்துவிடுவேன்.

விருந்துக்குக் காட்டுப் பன்றி உங்கள் பக்கத்திலிருந்து வரவேண்டும் என்று அப்பா சொல்லச் சொன்னார். வீட்டுப் பன்றி வைத்தால் நெமானி எழுந்து வந்து திட்டுவான் என்கிறார். பேனியிடம் கொடுத்தனுப்புங்கள். நீங்கள் வரவேண்டாம்.

நெமானியின் அக்கா,
உனைசி


நபுதாவா
26 மே 1991

அன்புள்ள உனைசிக்கு,

உன் கடிதத்தை ரகுபீர் கொடுத்த இடத்திலேயே, ரோட்டோரம் நின்று படித்தேன். அவர் லாரியை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று நடந்ததை ஆண்கள் முன்னால் நான்கு வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டேன். உனக்கு முழுதாகச் சொல்ல வேண்டும். என்னைக் காப்பாற்றிக்கொள்ள இல்லை. நீ கண்ணை மூடினால் தெரிவது சரியாகத் தெரியட்டும் என்றுதான்.

நாங்கள் மூன்று பேர் போனோம். காலையிலிருந்தே நெமானி என்னை விடவில்லை. "மச்சான், உன் ஈட்டிய ஊன்றுகோலா வச்சுக்கிட்டு வீட்லயே இரு, நான் கத்தியாலயே முடிச்சிட்டு வரேன்" என்றான். "ஒன்னைய பன்னி பாத்தா தங்கச்சினு நெனச்சுக் கூட்டிட்டுப் போயிரும்டா" என்றேன். ஏறும் வழியெல்லாம் இப்படியேதான். பேனிக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது.

ஓடையைத் தாண்டியதும் நாய்கள் ஒரு கிழட்டு ஆண்பன்றியை நாணலுக்குள் மடக்கிவிட்டன. வழக்கம் என்னவென்று உனக்குத் தெரியும். ஒருவன் பின்னங்காலைப் பிடித்துத் தூக்குவான், அடுத்தவன் முன்னங்காலுக்குப் பின்னால் ஈட்டியை இறக்குவான். நெமானி எனக்காகக் காத்திருக்கவில்லை, கத்தியோடு உள்ளே போய்விட்டான். நான் மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவன் குரல் வந்தது.

"நான் செத்தேன் மச்சான்."

அவன் இதைக் கத்தாத வேட்டை உண்டா? வழுக்கினால் கத்துவான், அட்டை கடித்தால் கத்துவான், நான் பின்தங்கினால் என்னை ஓடவைக்கவே கத்துவான். நான் மூச்சிரைக்க ஓடிப் போனால் பன்றி மேல் உட்கார்ந்திருப்பான். பிறகுதான் மிச்சத்தைச் சொல்வான்: "எனக்குப் பாத்த பொண்ணையும் நீயே கட்டிக்கோ." நம் கல்யாணத்தன்றுகூட யங்கோனா கலக்கும்போது இதைச் சொல்லி மாமாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அன்றும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நின்றேன். அந்த மிச்சப் பாதி வரட்டும் என்று நின்றேன், உனைசி. அது வரவில்லை. நாய்களின் சத்தம் மாறியது. அதற்குப் பிறகுதான் ஓடினேன்.

பன்றியைக் குத்திக் கொன்றேன். அதன் கொம்புப்பல் அவன் தொடையைக் கிழித்திருந்தது. என் சட்டையைக் கழற்றிக் கட்டினேன், ரத்தம் நிற்கவில்லை. பேனியும் நானும் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பாதி வழியில் போய்விட்டான். அந்தப் பன்றியை யாரும் தின்னவில்லை, கிடந்த இடத்திலேயே புதைத்துவிட்டார்கள்.

நான் ஓடியிருந்தால் பிழைத்திருப்பானா என்று தெரியாது. பிழைத்திருக்க மாட்டான் என்று பேனி சொல்கிறான். அவன் நல்லவன், அப்படித்தான் சொல்வான்.

மாமா கேட்ட பன்றியைக் கண்டிப்பாகப் பிடித்துத் தருவேன். பேனியிடம் கொடுத்தனுப்பச் சொல்கிறாய். நானே கொண்டுவந்து, சமையல்கட்டில் இறக்கி வைத்துவிட்டு, யாரோடும் பேசாமல் திரும்பிவிடட்டுமா? நீ வேண்டாமென்றால் வரமாட்டேன்.

இசிகேலி


நபுதாவா
23 ஜூன் 1991

அன்புள்ள உனைசிக்கு,

இன்னும் உன்னிடமிருந்து பதில் இல்லை. ரகுபீர் இப்போதெல்லாம் ஹாரன் அடிக்காமல் எங்கள் வளைவைக் கடந்துவிடுகிறார்.

விருந்து நெருங்குகிறது. அதற்குள் கை பழைய கையாக இருக்கிறதா என்று பார்க்க, பேனியோடு காட்டுக்குப் போனேன். ஈட்டியை இறவாணத்திலிருந்து எடுத்தபோது துரு கையில் ஒட்டியது. ஓடைக்கல்லில் தீட்டிக்கொண்டேன்.

ஏறும்போது பேனி ஏதாவது கிண்டலாகச் சொல்லவந்து நிறுத்திக்கொள்வான். ஓரிடத்தில் அவன் பின்னாலிருந்து "ஐயோ" என்றான். நான் சரிவில் விழுந்தடித்து ஓடிப் போய் நின்றேன். அவன் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "அண்ணே, முள்ளுதாண்ணே. முள்ளுக்கா ஈட்டியோட வந்த?" என்றான். சிரிக்க ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான்.

இனி நான் அப்படித்தான், உனைசி. யார் கூப்பிட்டாலும் ஓடுவேன். விளையாட்டென்று தெரிந்தாலும் ஓடுவேன். ஊரில் பையன்களுக்குத் தெரிந்துவிட்டால் என்னைப் படுத்தி எடுப்பார்கள், எடுக்கட்டும்.

ஒரு பெண்பன்றி கிடைத்தது. பேனி காலைப் பிடித்தான், நான் குத்தினேன். குத்து தவறவில்லை. கறியை ஊருக்குப் பங்கிட்டோம். என் பங்கை என்னால் தின்ன முடியவில்லை.

விருந்துக்கு நல்ல ஆண்பன்றியாகவே கொண்டுவருவோம். யார் கொண்டுவருவது என்பதை மட்டும் நீ எழுதவேண்டும்.

இசிகேலி


வைலோத்து
14 ஜூலை 1991

செராவின் அப்பாவுக்கு,

பயப்படாமல் படியுங்கள். செரா இப்போது நன்றாக இருக்கிறாள். இடது கை எலும்பு முறிந்துவிட்டது. சிங்கதோகா ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். கட்டின் மேல் கரியால் ஒரு பன்றி வரைந்துவைத்திருக்கிறாள்.

நான் எழுதவேண்டியது அது எப்படி முறிந்தது என்பதைத்தான். நாலு நாளாக எழுதப் பார்த்து இன்றுதான் முடிகிறது.

பெண்கள் எல்லோரும் விருந்துக்குப் பாய் முடைந்துகொண்டிருந்தோம். செரா பின்னால் கொய்யா மரத்தில் ஏறியிருக்கிறாள். கிளை முறியும் சத்தம் கேட்டது. உடனே அவள் குரலும் வந்தது: "நான் செத்தேன் மச்சான்."

மாமன் சொன்னதை இவள் எப்போதோ பிடித்துக்கொண்டுவிட்டாள். கால் இடறினால் சொல்வாள், சோறு சுட்டால் சொல்வாள். முதலில் கேட்டபோது அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு அவரே அவளைச் சொல்லச் சொல்லிக் கேட்பார். இந்தத் துக்க வீட்டில் நாங்கள் சிரிப்பது அதற்கு மட்டும்தான்.

அன்றும் சிரித்தோம். முதலில் சிரித்தது நான். கையிலிருந்த ஓலையை விடாமல், "மிச்சத்தையும் சொல்லுடி" என்றேன். அவள் சொல்லவில்லை. நான் எழுந்திருக்கவும் இல்லை. அந்த வரிசையை முடைந்து முடித்தேன். சித்திதான் ஏதோ தோன்றி எழுந்து போய்ப் பார்த்தாள். பிள்ளை வலியில் வாயைத் திறக்க முடியாமல், கண் செருகிக் கிடந்தாளாம்.

ரகுபீர் லாரியில் அவளை மடியில் போட்டுக்கொண்டு போகும்போது, மேட்டில் நின்று சிரித்தது நீங்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நானே நின்றேன். உங்களுக்காவது நாய்கள் சொன்னபிறகு கால் வந்தது.

மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. அது நான் உங்களுக்குக் கொடுக்க வேண்டியதா, உங்களிடம் கேட்க வேண்டியதா என்றே இப்போது தெரியவில்லை. உங்கள் பிள்ளையின் கை என் மடியில் முறிந்து கிடந்தது. உங்களை நினைத்து அழுதேன். இவ்வளவு மாதத்தில் உங்களுக்காக அழுதது அதுதான் முதல் தடவை.

பன்றியை நீங்களே கொண்டுவாருங்கள். ஆனால் இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிப் போவது நடக்காது. கறுப்புத் துணியைக் களைந்ததும் மச்சான் முறைக்காரன் எழுந்து நின்று செத்தவனைக் கிண்டல் செய்தால்தான் துக்கம் போனதாகக் கணக்கு. பேனியும் அந்த முறைதான். ஆனால் அவன் எழுந்தால் அழுதுவிடுவான், எல்லோரையும் அழவைப்பான். என் தம்பியைத் திட்ட உங்கள் அளவுக்கு யாருக்கும் வராது. நீங்கள்தான் திட்டவேண்டும். மன்னிப்புக் கேட்கும் பேச்சாகப் பேசினீர்களோ, நான் எழுந்து போய்விடுவேன்.

லௌதோகாவுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. பெண்கள் பக்கம் முன்னால் செராவோடு உட்கார்ந்திருப்பேன். உங்கள் பேச்சுக்கு எனக்குச் சிரிப்பு வந்தால், அன்று சாயங்காலம் உங்களோடு லாரி ஏறுகிறேன். வராவிட்டால் பெரியம்மாவிடம் போகிறேன். நீங்கள் தடுக்கக்கூடாது.

கோயில் பிரசங்கத்தில் அவன் விடும் குறட்டையிலிருந்து ஆரம்பியுங்கள். அதற்கு எனக்கு எப்போதும் சிரிப்பு வந்துவிடும்.

உனைசி