வூ என்று தொடங்கும் சொல்

என் வம்புக்காரி கலாவுக்கு,

நீ போன பிறகு எர்ணாவூரில் பெரிதாக எதுவும் மாறவில்லை. கண்டெய்னர் லாரிகள் அதே வரிசையில் நிற்கின்றன. உன் அம்மா காசிமேட்டிலிருந்து மீன் எடுத்துவந்து விற்கிறார். மத்தியானம் கூடையைக் கழுவிக் கவிழ்த்ததும் உன் போனை எடுத்து நம் விளையாட்டை ஆடுகிறார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கல்லூரியின் கடைசி வருடம் நாம் இருவரும் சேர்ந்து செய்த விளையாட்டு அது. கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஒட்டியிருக்கும் கட்டங்கள் வழியே விரலை இழுத்துச் சொல் பிடிக்க வேண்டும். ஒரு சொல்லுக்குள் ஒரே கட்டத்தை இருமுறை மிதிக்கக் கூடாது. ஒளிந்திருக்கும் சொற்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் கணினி நிரலை நான் எழுதினேன். அது மிதித்த கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டத்துக்குப் போகும். அங்கே நின்று, தன்னையே மறுபடி கூப்பிட்டு, அதே வேலையைச் செய்யும். இனிச் சொல் வராது என்று தெரிந்தால் ஒரு கட்டம் பின்வாங்கி வேறு பக்கம் பார்க்கும்.

முதல் தடவை ஓட்டியபோது பல சொற்கள் சிக்கவே இல்லை. திருவொற்றியூர் பஸ்ஸில் என் தாளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு நீ சிரித்தாய். எப்போதும் படித்துக்கொண்டிருப்பதால் நீ எனக்கு வைத்த பெயர் புக்கு.

“இன்னாடி புக்கு, போவச்சொல்ல கட்டத்துக்குக் கட்டம் டிக் போட்டுகினே போற. திரும்பி வரச்சொல்ல அத்த அழிக்க வேணா? அழிச்சாதான்டி அடுத்த வார்த்த கெடைக்கும்.”

அந்த அழிக்கும் வரியை நீயே எழுதினாய். இன்னொன்றும் எழுதினாய். இலக்கணப்படி எந்தத் தமிழ்ச் சொல்லும் வூ என்று தொடங்காது. எனவே வூ-வில் தொடங்கித் தேடவே வேண்டாம், நேரம் மிச்சம். எழுதிவிட்டு, “நம்ம வூட்டுக்குள்ளயே நம்ம ப்ரோகிராம் வராதுடி” என்றாய். நடுவில் வூ வரலாம். எர்ணாவூரைச் சொற்பட்டியலில் சேர்த்ததும் நீதான்.

அவ்வளவு நீளமான நிரலில் உன்னுடையவை இந்த இரண்டு வரிகள்தான். நீ காய்ச்சல் என்று படுத்து, எழுந்திருக்காமலே போன பிறகு நிரலைப் பல முறை திருத்தியிருக்கிறேன். இந்த இரண்டையும் தொட்டதில்லை.

போன மாதம் உன் அம்மா போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். எர்ணாவூர் என்ற சொல் ஒளிந்திருந்த ஆட்டம். வூ-வுக்குக் கீழே டு.

“பாரு பாப்பா. வூடுன்னு நேரா கீது. நா இஸ்த்தா செவப்புக் காட்டுது. ஊரு கீது, வூடு இல்லியா?”

“அது கலா வெச்ச ரூல்மா.”

விரலை எடுத்துவிட்டார். “அவ வெச்சதா? அப்போ இருந்துட்டுப் போவட்டும், வுடு.”

பிறகு கேட்கவே இல்லை. ஆனால் திரையில் வூ வரும்போதெல்லாம் அவர் விரல் அதன்மேல் போய் நிற்கும். நின்று, வேறு கட்டத்துக்கு நகர்ந்துவிடும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உன் வரியை வைத்துக்கொள்வதா, உன் அம்மாவின் சொல்லை உள்ளே விடுவதா? நீயாக இருந்தால் இதற்கு ஒரு நொடியாவது யோசித்திருப்பாயா?

நேற்று அந்த வரியை அழித்தேன். வூடு என்பதைப் பட்டியலில் சேர்த்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நிரலில் ஒரு வரி குறைந்தது, அவ்வளவுதான்.

இன்று மத்தியானம் அதே ஆட்டத்தை எடுத்துக் கொடுத்தேன். இழுத்தார். பச்சை காட்டியது.

“எதுக்குடி அத்த எடுத்த? நா கேட்டனா?” என்று திட்டினார். திட்டிக்கொண்டே ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கி மறுபடி இழுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “வூட்டாண்டன்னா ஒத்துக்குமா?” என்றார்.

ஒத்துக்கொள்ளும், கலா. அவர் கேட்கிற சொல்லையெல்லாம் சேர்ப்பேன். திரும்பி வரும்போது அழிக்கச் சொல்லும் உன் இன்னொரு வரி அங்கேயேதான் இருக்கிறது. அதை மட்டும் நான் அழிக்க மாட்டேன்.

உன் வூட்டுப் பொண்ணு,
புக்கு