எலுமிச்சம்பழம் குடித்த வால்வு ஆம்ப்

மச்சான்,

ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்பு மலைகள் சாட்சி. அவற்றின் குகைகளில் தலைகீழாகத் தொங்கும் அத்தனை வௌவால்களும் சாட்சி. உலகத்தில் ஒருவரும் நம்பாத ஒரு கதையை உனக்குச் சொல்லப்போகிறேன். நீயும் நம்ப மாட்டாய். உயிரோடு இருந்தபோதே நான் சொன்ன எதையும் நீ நம்பியதில்லை. செத்த பிறகா நம்பப்போகிறாய்?

இன்று மத்தியானம் செமோரில் என் வீட்டு ஹாலில் எலுமிச்சம்பழம் கருகும் வாசனை வந்தது. அடுப்பு எரியவில்லை. வீட்டில் எலுமிச்சம்பழமே இல்லை. உன்னுடைய கிட்டார் ஆம்ப் மட்டும் மூலையில் உட்கார்ந்து மெல்லச் சூடாகிக்கொண்டிருந்தது.

அந்த வாசனையின் வரலாறு உனக்கும் எனக்கும் தங்கச்சிக்கும் மட்டும்தான் தெரியும். உன் பெண்டாட்டியை நான் தங்கச்சி என்று கூப்பிடுவதால்தானே நீ எனக்கு மச்சான் ஆனாய்.

மலிவு விலையில் வால்வு ஆம்ப், அதாவது உள்ளே கண்ணாடிக் குழாய் சூடேறிச் சத்தம் தருகிற பெட்டி, வாங்கலாமா, கூடாதா? இந்த ஒரு கேள்விக்காக நாம் நடத்திய யுத்தத்துக்கு முன்னால் பாரதப் போர் ஒரு வாய்த் தகராறு. கல்யாணக் கச்சேரி முடிந்து வேனில் ஏறினால், சிலிம் ரிவரில் தொடங்கும் சண்டை ஈப்போ வந்தும் ஓயாது. நீ கிட்டார். நான் தபேலா, அதாவது மின்சாரமே தேவைப்படாத மேதை.

“அதத் தூக்கறதுக்கு ஒரு யானக்குட்டி வேணும் மச்சான். வால்வு அவிஞ்சா மாத்தணும். நல்ல சத்தம் வேணும்னா வால்யூம ஏத்தணும், ஏத்தினா பக்கத்து வூட்டுக்காரன் போலீஸக் கூப்புடுவான். பேசாம டிரான்சிஸ்டர் பொட்டி ஒண்ணு வாங்கிட்டுப் போ லா” என்பேன் நான்.

“பிளக்கு இல்லாதவன்லாம் இதுல பேசக்கூடாது” என்பாய். பிறகு குரலை இறக்கி, காதல் கதை சொல்வதுபோலச் சொல்வாய்: “அந்தப் பொட்டி எப்படித் தொட்டாலும் ஒரே பதிலுதான் சொல்லும். வால்வு அப்படி இல்ல. மெதுவாத் தொட்டா முனகும். அடிச்சா கத்தும். மனுசன் மாதிரி லா.”

ஈப்போவில் கடை கடையாக என்னை இழுத்துக்கொண்டு போனாய். மலிவு ஆம்ப்களில் சிலவற்றில் வால்வுக்குப் பின்னால் ஒரு குட்டி விளக்கை ஒளித்துவைத்து, உள்ளே யாகம் நடப்பதுபோல ஜொலிக்க வைத்திருந்தார்கள். நான் மயங்கிக் கும்பிடப்போனேன். நீ பின்பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்த்து, “சூடே இல்ல. செத்த பொணத்துக்குப் பவுடர் போட்டு வச்சிருக்கானுங்க” என்று நகர்ந்துவிட்டாய். கடைசியில், முழுக்க வால்விலேயே ஓடுகிற ஒரு சின்னப் பெட்டியை ஆன்லைனில் வரவழைத்தாய்.

அன்றைக்கு நடந்ததை எழுதும்போது இப்போதும் சிரித்து வயிறு வலிக்கிறது. புதுக் காடி வாங்கி ரோட்டில் இறக்கினால் பூசை போடுகிறோம். ஆம்ப் மட்டும் என்ன குறைச்சல் என்று அதற்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டாய். சூடம் காட்டினாய். எலுமிச்சம்பழத்தை இரண்டாக அரிந்து, குங்குமம் தடவி, வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி ஆம்ப்பின் தலையில் வைத்தாய். தலையில் என்ன இருந்தது? காற்றுப் போகிற சல்லடை. அதற்கு நேர் கீழே வால்வு. சுவிட்சைப் போட்டு, கிட்டாரை மாட்டி, முதல் முறையாகக் கம்பிகளை நீ அடிக்கவும் சாறு சொட்டவும் சரியாக இருந்தது.

டிக்.

சொன்னால் நம்ப மாட்டார்கள். அந்த ஒரு டிக்கில் பேராக் மாநிலமே இருண்டது. பாகான் டத்தோவில் தென்னை மரங்கள் அத்தனை தேங்காயையும் ஒரே நேரத்தில் போட்டன. வெடித்த கண்ணாடிக்குள்ளிருந்து வெள்ளைப் புகை எழுந்தது. எலுமிச்சம்பழம் கருகிய வாசனை வீடெல்லாம் பரவியது.

“புதுக் காடிக்கு டயருக்கு அடியிலதானே வைப்பாங்க?” என்றாள் தங்கச்சி, சிரிப்பை அடக்க முடியாமல். “இந்த மனுசன் எஞ்சினுக்குள்ள புழிஞ்சி வுட்டிருக்காரு!”

இதை வெளியே சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று அணையாத சூடத்தின் மேல் எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கினாய். அப்போது கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்த உன் மகளிடம்கூட நாங்கள் மூச்சு விடவில்லை.

வெடித்ததற்குப் பதிலாகக் கிடைத்ததிலேயே மலிவான வால்வு ஒன்றை வாங்கிப் போட்டாய். அது ஒரு கோளாறு பிடித்த வால்வு. பெட்டியைத் தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும். பக்கத்தில் பேசினால் அந்தப் பேச்சையே பிடித்து ஸ்பீக்கர் வழியாகத் திருப்பிச் சொல்லும், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. நல்ல ஆளாக இருந்தால் மாற்றியிருப்பான். நீ அதன் முன்னால் குனிந்து, தொண்டையைச் செருமி, “மச்சான்... சாப்ட்டியா லா?” என்பாய். அதே செருமல், அதே கேள்வி, ஒரு பேயின் குரலில் திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் நான் திடுக்கிடுவேன். நீ குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாய்.

போன வருடம் உன் நெஞ்சு நின்றுபோனது. கருமாதி முடிந்ததும் தங்கச்சி என்னிடம் வந்தாள். “அண்ணே, இத எடுத்துட்டுப் போயிடுங்க. அவரு இல்லாத வூட்டுல இது கெடக்குறதப் பாக்க முடியல.”

எடுத்து வந்தேன். யானைக்குட்டியேதான்.

இதற்குமேல் நீ நம்பாத பகுதி. ஒரு மத்தியானம் தூசு தட்டிவிட்டு அதன் சுவிட்சைப் போட்டேன். எலுமிச்சம்பழ வாசனை வந்தது. வால்வு ‘ங்ங்ங்’ என்று முனகியது. கிட்டார் மாட்டவில்லை. ஹாலில் என்னைத் தவிர யாரும் இல்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த முனகலுக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

உடனே அணைத்தேன். வாசலுக்குப் போய் நின்றேன். வெயிலில் கண் கூசியது. எதிர்வீட்டில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

ஆனால் மறுநாள் மத்தியானமும் போட்டேன். அதற்கு மறுநாளும். பிறகு அது என் வழக்கமாகிவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவியதும் சுவிட்சைப் போட்டு, எதிரே நாற்காலி இழுத்து உட்கார்ந்து, “சாப்ட்டேன் லா மச்சான்” என்பேன். அது என் குரலையே கிணற்றுக்குள் வாங்கிக்கொண்டு, “சாப்ட்டேன் லா மச்சான்” என்று திருப்பிச் சொல்லும். நான் சொன்னதைத்தான் அது சொன்னது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நீயும் சாப்பிட்டாய் என்று எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் உன் மகள் வந்தாள். இப்போது அவளும் ஈப்போவில் ஒரு குழுவில் கிட்டார் வாசிக்கிறாள். உன் ஆம்ப்பில் மாட்டிப் பார்த்தாள். அது ஊரைக் கூட்டியது.

“மாமா, இது கத்துது, வாசிக்க முடியல. ஒரு ஃபிரண்டு, தன் டிஜிட்டல் ஆம்ப்ப குடுத்துட்டு இத எடுத்துக்கிறேங்கிறான். ரிப்பேர் பண்ண முடிஞ்சா நானே வச்சிக்கிறேன். இல்லன்னா குடுத்துடுறேன். மலிவு ஆம்ப்தானே, வச்சிக்கிற அளவுக்கு வொர்த்தா?”

அவள் கேட்டது ஆம்ப்பைப் பற்றி. எனக்கு வியர்த்தது உன்னைப் பற்றி. ரிப்பேர் என்றால் அந்த வால்வைப் பிடுங்க வேண்டும், செருமல் போய்விடும். பிடுங்காவிட்டால் பெட்டியே ஊரான் வீட்டுக்குப் போய்விடும்.

ஈப்போவில் ரிப்பேர் பார்க்கும் சீனரிடம் தூக்கிக்கொண்டு போனேன். ரப்பர் தோட்டத்தில் நம்மவர்களோடு வளர்ந்தவர், தமிழ் பேசுவார். வால்வை ஒரு பென்சிலால் தட்டினார், மணி அடித்தது. “இது ரோசாக், கெட்டுப்போச்சு லா அண்ணே. எடுத்துப் போட்டா எல்லாம் சரியாப் போவும்.”

“எடுங்க” என்றேன். சொன்னது என் வாய்தானா என்று இன்னும் சந்தேகம்.

புது வால்வு போட்டார். ஸ்பிரிட்டால் உள்ளே மூலை முடுக்கெல்லாம் துடைத்தார். பழைய வால்வைக் குப்பையில் போடப்போனவரின் கையைப் பிடித்தேன்.

இன்று மத்தியானம் உன் மகள் என் ஹாலில் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டாள். முனகல் இல்லை. நான் குனிந்து, “சாப்ட்டேன் லா மச்சான்” என்றேன். பதில் இல்லை. நீ செத்துப்போனது எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது, மச்சான்.

அவள் மெதுவாக ஒரு கம்பியைத் தொட்டாள். அது முனகியது. அழுத்தி அடித்தாள். கத்தியது. யுத்தத்தில் நீதான் ஜெயித்தாய், எழுதியே தருகிறேன். கனம், செலவு, பக்கத்து வீட்டுக்காரன் எல்லாம் நான் சொன்னபடியேதான். ஆனாலும் வாங்கலாம்.

“வச்சிக்கோம்மா” என்றேன்.

பழைய வால்வைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். குனிந்தால் நெஞ்சில் இடிக்கிறது.

வாசித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கையை நிறுத்தி, மூக்கைச் சுளித்து, சுற்றிலும் பார்த்தாள்.

“மாமா, எலுமிச்சம்பழம் கருகுற மாதிரி வாசன வருதே, என்னா அது?”

தென்னை மரங்கள் பொய். பேராக் இருண்டது பொய். செருமல் என்னுடையதாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவளுக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை, மச்சான். அவள் கேட்டது மட்டும் நிஜம்.