வெள்ளம் எதுவரை வந்தது?

பிரிஸ்பேன்
5 பிப்ரவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

எப்போது அழைத்தாலும் என் குரலைக் கேட்டவுடன் போனை வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் தபால்தலை ஒட்ட வேண்டி வந்தது. முழங்கால் எப்படி இருக்கிறது? மருந்து தடவுகிறீர்களா, இல்லை அதன் மேலும் கோபமா?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்ஸ்விச் வீட்டை விற்கப் போகிறேன். பிரிஸ்பேனில் வாங்க முடியாதவர்கள் எல்லாம் "ரயிலில் ஒரு மணி நேரம்தானே" என்று உங்கள் ஊருக்குப் படையெடுக்கிறார்கள். இந்த விலை அடுத்த வருஷம் நிற்காது என்கிறார் விற்பனை முகவர் ட்ராய்.

சனிக்கிழமை வீட்டைத் திறந்து வைத்தால்தான் கூட்டம் வரும். ஆனால் குடியிருப்பவர் எழுத்தில் சம்மதம் தராமல் அப்படித் திறந்து காட்டக் கூடாதாம், சட்டம். சொந்தக்காரி நான், குடியிருப்பவர் நீங்கள். சம்மதத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

பேத்திகள் இருவரும் தாத்தாவை விசாரித்தார்கள்.

உங்கள் மகள்,
நரெல்


இப்ஸ்விச்
9 பிப்ரவரி

வீட்டுச் சொந்தக்காரி அம்மையார் அவர்களுக்கு,

தாள் கிடைத்தது. பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் அதிலேயே பதில் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துப் பதினொன்றாம் வருஷ வெள்ளம் வடிந்தபோது நாம் இருவரும் இந்தக் கூடத்தில் நின்று சேற்றை வாரிக்கொண்டிருந்தோம். இது மழைத் தண்ணீர் இல்லை, ஆற்றுத் தண்ணீர் என்று சொல்லி காப்பீட்டுக்காரன் கைவிரித்துவிட்டான். வங்கி கழுத்தை நெரித்தது. அப்போது நீ என்ன சொன்னாய்? "அப்பா, நான் வாங்கிக்கிறேன். உங்களத் தூக்கிட்டுப் போற வரைக்கும் இது உங்க வீடுதான்." அடிமாட்டு விலைக்கு எழுதிக் கொடுத்தேன். சொந்த மகளாயிற்றே என்று அந்தப் பேச்சைப் பத்திரத்தில் ஒரு வரியாகக்கூட ஏற்றவில்லை.

இப்போது எழுபத்து மூன்று வயதில் வாடகை வீட்டு வரிசையில் நிற்கச் சொல்கிறாய். பொண்டாட்டி செத்த, ரயில்வே பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற கிழவனுக்கு எவன் சாவி கொடுப்பான்?

சம்மதம் இல்லை.

இப்படிக்கு,
குடியிருப்பவர்
மெர்வின் டூலன்

முழங்கால் வலிக்கிறது. உனக்கு அதைப் பற்றி என்ன கவலை?


பிரிஸ்பேன்
15 பிப்ரவரி

அப்பா,

அடிமாட்டு விலையா? செத்த எலி நாற்றத்தோடு கிடந்த அந்த வீட்டை வேறு யார் வாங்க வந்தார்கள், சொல்லுங்கள். அன்றிலிருந்து இன்றுவரை வாடகையை ஏற்றியிருக்கிறேனா? இருபத்திரண்டில் மறுபடி தண்ணீர் வந்தபோது சுவரும் தரையும் மாற்றினோமே, அந்தக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். புருஷன் என்று இருந்த ஷேன் விட்டுப் போன பிறகு வீட்டுக்கு வருவது ஒரே சம்பளம்தான்.

இன்னொன்றும் கேளுங்கள். நாங்கள் குடியிருக்கும் வீட்டையும் அதன் சொந்தக்காரர் விற்கிறார். காலி செய்யச் சொல்லி எங்களுக்கும் தாள் வந்துவிட்டது. வரிசையில் நிற்பதைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். சனிக்கிழமைதோறும் பெண்களைக் கூட்டிக்கொண்டு நானும் நிற்கிறேன்.

கொடுத்த வாக்கை நான் மறக்கவில்லை. அதைப் பற்றித்தான் நேரில் பேச வேண்டும். கடிதத்தில் எழுதினால் பிச்சை போடுகிறேன் என்று கிழித்து எறிவீர்கள். 25ஆம் தேதி ஞாயிறு காலை வருகிறேன். காரில் ஏறி ஒரு மணி நேரம் என்னோடு வந்தால் போதும். தயவுசெய்து கதவைத் திறந்துவிடுங்கள்.

நரெல்


இப்ஸ்விச்
26 பிப்ரவரி

நரெலுக்கு,

வந்தாய், பார்த்தேன். திரைச்சீலைக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். கதவைத் தட்டினாய், ஜன்னலைத் தட்டினாய், பிறகு காரில் போய் உட்கார்ந்து அழுதாய். அழுகையைப் பார்த்ததும் தாழ்ப்பாள் வரைக்கும் கை போனது உண்மை.

ஆனால் "காரில் ஒரு மணி நேரம்" என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? அடுத்த தெரு கிளாரியை அவன் மகன் இப்படித்தான் கூட்டிப் போனான். "சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்ப்பா" என்று சொல்லிக் கூட்டிப்போய் முதியோர் இல்லத்து வாசலில் இறக்கிவிட்டான். பல்செட் முதற்கொண்டு எல்லாம் முன்கூட்டியே டிக்கியில் இருந்ததாம். நான் கிளாரி இல்லை, புரிந்துகொள்.

கதவிடுக்கில் நீ செருகிவிட்டுப் போன புதுத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. வீடு திறந்திருக்கும் நேரம் முழுவதும் நான் உள்ளே, என் நாற்காலியில் இருப்பேன். சம்மதமென்றால் ஆளை அனுப்பு.

மெர்வின் டூலன்


இப்ஸ்விச்
10 மார்ச்

நரெலுக்கு,

நேற்று உனக்கு வேலை நாள், வர முடியவில்லை என்றார் ட்ராய். அடடா, நல்ல வேடிக்கையைத் தவறவிட்டாய்!

காலையிலேயே அவர் கூர்மூக்குச் செருப்போடு வந்துவிட்டார். சோபாவில் வெள்ளைத் திண்டுகள் போட்டார், கிண்ணத்தில் பிளாஸ்டிக் எலுமிச்சை வைத்தார். பூ வாசம் வரும் மெழுகுவத்தி ஒன்றையும் ஏற்றினார். நான் என் பங்குக்கு அடுப்பில் மீன் பொரித்தேன். மெழுகுவத்தி தோற்றுவிட்டது.

பதினொரு மணிக்கு வாசல் நிறையச் செருப்பு. ஒவ்வொருவரையும் நானே வரவேற்றேன்.

"வாங்க தம்பி, வாங்கம்மா. இந்த ஜன்னல் கட்டை தெரியுதா? இருபத்திரண்டுல தண்ணி இதுவரைக்கும். அந்த சுவிட்சப் பாருங்க, பதினொண்ணுல அதுக்கும் மேல."

வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி, "இனிமேலும் வருமா?" என்று கேட்டாள்.

"ஆறு எங்கிட்ட சொல்லிட்டா வருது?"

ட்ராய் ஓடி வந்து, "சார் சும்மா தமாஷ் பண்றாரு" என்றார்.

"தமாஷா? என் ஃப்ரிட்ஜ் மிதந்து போய் பக்கத்து வீட்டு மாமரத்துல மாட்டிக்கிச்சு தம்பி. உள்ள இருந்த பீர் ஒண்ணுகூட உடையல, அந்த மட்டும் ஆறு நல்ல ஆறு."

பாதிப் பேர் சமையலறையைப் பார்க்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். நீலச் சட்டைக்காரர் ஒருவர் மட்டும் பொறுமையாக நின்று, "இன்னொரு தடவ சொல்லுங்க பெரியவரே" என்று கேட்டுக் கேட்டுப் போனார். நல்ல மனுஷன்.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வேண்டுமானால் வழக்குப் போடு.

மெர்வின் டூலன்


பிரிஸ்பேன்
13 மார்ச்

அப்பா,

உண்மையைச் சொன்னீர்களாம். நகரசபையின் வெள்ள வரைபடத்தை விற்பனை ஒப்பந்தத்தோடு இணைத்துத்தான் வைத்திருந்தேன். படிக்கிறவர் படித்துவிட்டு முடிவு செய்யட்டும் என்றுதான். நான் யாரையும் ஏமாற்றவில்லை. நீங்கள் வாயைத் திறந்தது அந்த வயிற்றுப் பிள்ளைக்காரிக்காக இல்லை, என்னை அடிப்பதற்காக.

அடித்துவிட்டீர்கள். சந்தோஷமா?

இதோடு நான் கெஞ்சுவது முடிந்தது. கதவை நீங்களே பூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

நரெல்


பிரிஸ்பேன்
8 ஏப்ரல்

திரு. மெர்வின் டூலன் அவர்களுக்கு,

நீங்கள் குடியிருக்கும் வீடு விற்பனையாகிவிட்டது. வாங்குபவர் காலி வீடாகக் கேட்கிறார். எனவே இரண்டு மாத அவகாசத்தில், ஜூன் 15ஆம் தேதிக்குள் வீட்டைக் காலி செய்து சாவியை முகவரிடம் ஒப்படைக்க வேண்டும். சட்டப்படியான தாள் இத்துடன் உள்ளது.

வாங்குபவர் யார் தெரியுமா? உங்கள் நீலச் சட்டைக்காரர்தான். நீங்கள் பேசியதையெல்லாம் கைபேசியில் பதிவு செய்திருக்கிறார். ட்ராயின் மேசையில் அதைப் போட்டுக் காட்டி, "குடியிருக்கிறவரே சொல்றாரு, அப்புறம் என்ன?" என்று எழுபதாயிரம் டாலர் குறைத்துவிட்டார். வேறு ஆளே வராததால் தலையாட்ட வேண்டியதாயிற்று. வீட்டை அப்படியே தூக்கி உயரமான தூண்கள் மேல் வைத்து, இரண்டு மடங்கு விலைக்கு விற்பாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களை எங்கே கூட்டிப் போக வந்தேன் என்று இதுவரை நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். உங்கள் ஊரிலேயே, மேட்டுப் பக்கம் ஒரு வீடு. எந்த வெள்ளமும் எட்டாத இடம். மேலே எனக்கும் பெண்களுக்கும். கீழே ஒரு அறை, தனிக் குளியலறையோடு. படி ஏற வேண்டியதில்லை. முன்பணம் கொடுத்துப் பேசி வைத்திருந்தேன். உங்களுக்குக் காட்டுவதற்காகக் கேட்டு வாங்கிய சாவி அன்று என் பையில் இருந்தது. உங்கள் நாற்காலி உள்ளே நுழையுமா என்று வாசலை அளந்துவிட்டுத்தான் உங்களிடம் வந்தேன்.

எழுபதாயிரம் குறைந்ததும் அந்த வீடு கை நழுவிவிட்டது. இப்போது வாங்கியிருப்பது இரண்டு படுக்கையறை வீடு. பெண்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கூடத்தில் உங்களைப் படுக்க வைக்க எனக்கும் மனமில்லை, உங்களுக்கும் மானம் இடம் தராது.

சொன்ன வாக்கைக் காப்பாற்றத்தான் விற்றேன். நீங்கள் என்னை நம்பவில்லை. அது எனக்குப் பணத்தைவிடப் பெரிய அடி. இனி எழுத வேண்டாம்.

வீட்டு உரிமையாளர்
நரெல் டூலன்


இப்ஸ்விச்
13 ஏப்ரல்

நரெலுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றுதான்.

ஜூன் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, இந்த மாதக் கடைசியிலேயே காலி செய்துவிடுகிறேன். கிளாரி இருக்கும் இல்லத்தில் கேட்டேன். ஒரு கட்டில் காலியாக இருக்கிறதாம். நானே போனில் பேசி, நானே என் பையைக் கட்டிவிட்டேன். நாற்காலியை அங்கே அனுமதிக்க மாட்டார்களாம். அதை எடுத்துப் போக யாராவது வருவார்களா என்று வாசலில் வைத்திருக்கிறேன்.

ட்ராயிடம் சாவி கொடுத்துவிடுவேன். பின்பக்கக் கதவு மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும், கீழே ஒரு உதை விட்டால் திறக்கும். அதை நீலச் சட்டைக்காரரிடம் சொல்ல மாட்டேன். கஷ்டப்படட்டும்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கீழ் அறை, குளியலறை, வாசல் அகலம் எல்லாம் எழுதியிருக்கிறாய். ஜன்னலைப் பற்றி மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அந்த அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது?

பதில் போட்டே ஆக வேண்டும் என்பதில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அப்பா