திருப்பிப் பார்க்காத படிகம்

அந்த ஆயுத பூசை அன்று வீட்டில் இருந்தவர்கள் நாலு பேர்: நான், நீ, உன் புருஷன் செல்வராசு, என் நாத்தனார் பட்டம்மா. தான் அன்று வரவேயில்லை என்கிறாள் பட்டம்மா இப்போது. ரெண்டு தரம் கேட்டு வாங்கிச் சுண்டல் தின்றவள் அவள். எனக்கு மறக்குமா?

நேற்றும் ஆயுத பூசை. சந்தனம் குழைத்த கையை முகர்ந்ததும் உன் நினைப்பு வந்துவிட்டது, மருமகளே. என்னுடையது அஞ்சாம் வகுப்பு எழுத்து. பொறுத்துப் படி.

கல்லூரியில் நீ பிசிக்ஸ் நடத்தினாய். அங்கே பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடித் தரையெல்லாம் அதிர்கிறது என்று அந்தக் கண்ணாடிக் குடுவையை நம் வீட்டு உள்ளறைக்குக் கொண்டுவந்தாய். நம்முடையது பாறைமேல் கட்டின வீடு, லாரி போனாலும் அசையாது. குடுவைக்கு இரண்டு கால், உள்ளே மருந்துத் தண்ணீர், காலுக்கு ஒரு மெல்லிய கம்பி, கையில் பட்டால்கூடத் தெரியாத அளவுக்குக் கரண்ட். நாற்பது நாள் யாரும் தொடாமல் இருந்தால் கம்பியில் ஊசி ஊசியாகக் கறுப்புப் படிகம் விளையும் என்றாய்.

"அது இரும்பா, செம்பா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் இல்ல அத்தை. கரி, கந்தகம்னு சேத்து செஞ்சது. ஆனா செம்பு மாதிரி கரண்ட் போவும்."

"கரியில எப்படிடீ போவும்?"

கழுவி வைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு அடுக்காக வைத்துக் காட்டினாய். "உள்ள இப்படித்தான் அடுக்கடுக்கா இருக்குது. ஒரு அடுக்குக்குள்ள மேலயும் கீழயும் சுளுவா ஓடும். பக்கத்து அடுக்குக்குத் தாவறதுதான் கஷ்டம்."

அந்த ஊசியை வெளியூரில் ஒரு பெரிய காந்தத்துக்கு நடுவே வைத்து, நினைக்க முடியாத குளிரில், கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்புவார்களாம். கரண்ட்டுக்கு இருக்கும் தடை சில கோணத்தில் மட்டும் சட்டென்று குறையுமாம். எந்தெந்தக் கோணத்தில் குறைகிறது என்று குறித்துக்கொண்டால் உள்ளே என்ன வரிசையில் இருக்கிறது என்று தெரியுமாம். அது என்ன கோணத்துக்குக் கோணம் ஒரு குணம்? மூன்று நாள் எனக்கு வேறு யோசனையே இல்லை.

நாலாம் நாள் அனந்தபுரம் பஸ்ஸில் போகும்போது சவுக்குத் தோப்பைப் பார்த்தேன். எல்லாம் மரமாக, குழப்பமாகத் தெரிந்தது. ஓர் இடத்துக்கு வந்ததும் கடைசிவரை நேராக ஒரு சந்து திறந்தது. மூடிக்கொண்டது. கொஞ்ச தூரம் போனதும் சாய்வாக இன்னொரு சந்து. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன், "சவுக்குத் தோப்பு மாதிரியாடீ?"

கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாய். "ஐயோ அத்தை! இது புரிய எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. அதேதான்னு சொல்லமாட்டேன். ஆனா கிட்ட வந்துட்டீங்க."

"உன் படிகமும் அப்படித் திறக்குமா?"

"தெரியாது. இத இதுவரைக்கும் யாரும் திருப்பிப் பாக்கல. நான்தான் மொத ஆளு."

அதைச் சொன்னபோது உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

பூசை வந்தது. அரிவாள்மணை, தையல் மிஷின், மோட்டார், செல்வராசு வண்டி எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தேன். உன் தொழிலுக்கு உள்ளது மட்டும் மூளியாக நிற்கலாமா என்று தோன்றியது. குடுவையைத் தூக்கி, நன்றாகத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு இருந்த இடத்திலேயே வைத்தேன். நீ வந்து பார்த்தபோது ஊசியெல்லாம் உதிர்ந்து, உடைந்து, அடியில் கிடந்தது.

"நல்ல நாளும் அதுவுமா, பொட்டு வெச்சதுக்கா மூஞ்ச தூக்கிக்கினு நிக்கிற?" என்றாள் பட்டம்மா.

நீ பூதக்கண்ணாடியும் சின்ன பிரஷ்ஷுமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தாய். பிறகு என்னைக் கூப்பிட்டாய். "அத்தை, ஒண்ணு பொழச்சிருச்சு. ஒண்ணு போதும். பொட்டு வெச்ச படிகம், இனி கரண்ட் எப்படி ஓடுது பாருங்க!" எள்ளு நீளம்கூட இல்லை அது. என் தப்பை அந்தச் சிரிப்போடு விட்டுவிட்டாய்.

காந்தத்தில் உன் முறை தீபாவளிக்கு முந்தின வாரம். நீ குளிக்கப் போயிருந்த நேரம் உன் போனை எடுத்து உன் புருஷன் பேசினான். "அவங்களுக்கு வரத் தோதுப்படாது சார். பண்டிகை. பொருளும் உடஞ்சிருச்சு. வேற யாருக்காவது குடுத்துருங்க." வெங்காயம் உரித்தபடி நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீதான் சொல்லச் சொன்னாய் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ ரயில் ஏறுவதற்கு முந்தின நாள்தான் உனக்குத் தெரிந்தது. முறையை வேறு யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. இனி அடுத்த வருஷம்தான்.

"ஏன் செஞ்சீங்க?" என்று மெதுவாகத்தான் கேட்டாய்.

"தம்மாத்தூண்டு கரித்துண்டுக்கு இன்னா டென்ஷன்? அடுத்த வருசம் போயேன்."

அடுத்த வருஷம் நீ இல்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவேயில்லை.

உன் கல்லூரியிலிருந்து துக்கம் கேட்க வந்தவர்களிடம் அந்தப் படிகம் எந்தக் கோணத்தில் திறக்கும் என்று கேட்டேன். கிழவி பிதற்றுகிறாள் என்று பார்த்தார்கள். ஒருத்தி மட்டும், "பார்த்தாதாம்மா தெரியும்" என்றாள். அந்தக் கேள்வி இன்னும் என்னோடுதான் இருக்கிறது. துணி துவைக்கும்போது, வரிசை பார்த்து வேர்க்கடலை பிடுங்கும்போது, திறந்திருக்குமா, எங்கே திறந்திருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

குடுவையைத் தொட்டவள் நான். என்னை நீயே விட்டுவிட்டாய். பட்டம்மாவின் வாய், போகிறது. உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் உன் முறையை விட்டுக்கொடுத்தவனுக்கு இன்னமும் மூன்று வேளை சோறு போடுகிறேன், காய்ச்சலென்றால் கஷாயம் வைக்கிறேன். மன்னிப்பு மட்டும் என்னிடம் கிடையாது. நான் பெற்றவன்தான்.

அந்தச் செல்வராசு.