என் காலைப் பார்க்காதே, தம்பி

புன்னைக்காயல்,
12-9-1974

பனிமய மாதா உன் படுக்கையருகே இருக்கட்டும்.

அன்புத் தம்பி தஸ்நேவிஸுக்கு அக்காள் பிலோமினா எழுதுவது.

இங்கே நானும் அத்தானும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கத்தான் தைரியம் வரவில்லை. கிளாடிஸின் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. வலது பாதம் கணுக்கால் வரை கறுத்துவிட்டதாம். முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தப்பும் என்று பம்பாய் டாக்டர்கள் சொல்லியும் நீ கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாயாம். அதற்கு நீ சொன்ன காரணத்தையும் உன் பெண்டாட்டி எழுதியிருக்கிறாள். அக்காளுக்கும் இதே சீனி வியாதிதான், என்னோடுதான் நடந்தாள், அவள் கால் நன்றாக இருக்கிறதே, மாதா என்னையும் கைவிடமாட்டாள் என்றாயாம். படித்துவிட்டு அழுதேன். பிறகு கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

வருஷாவருஷம் திருவிழாவுக்குத் தூத்துக்குடி வரை செருப்பில்லாமல் நடக்கிறவள் என்று ஊரில் எனக்கு ஒரு பேர். ஏளா பிலோமினா, சீனி வியாதி இருந்தும் உன் காலு இரும்பா இருக்கே, எல்லாம் மாதா புண்ணியம் என்று பெண்கள் சொல்லச் சொல்ல நானும் தலையை ஆட்டிக்கொண்டு திரிந்தேன். இந்த வருஷம் திருவிழா லீவில் வந்த உன்னிடமும் அதையே பெருமையாகச் சொன்னேன். நானும் நடக்கிறேன் அக்கா என்று நீ கிளம்பினபோது உள்ளூர எனக்குச் சந்தோஷம்தான்.

பழையகாயல் தாண்டி உப்பளத்துப் பக்கம் தார் உருகிக் கிடந்தது நினைவிருக்கிறதா? நான் ஐயோ ஐயோ என்று ஓரத்து மணலுக்கு ஓடினேன். நீ ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடுரோட்டிலேயே நேராகப் போனாய். சுடவில்லையா என்று கேட்டதற்கு, மாதா மெத்தை விரித்திருக்கிறாள் என்று சிரித்தாய். கோவிலில் போய் உட்கார்ந்த பிறகுதான் பாதம் முழுக்கக் கொப்புளமாய்க் கிடந்ததைப் பார்த்தோம். அப்போதும் நமக்குப் பயம் வரவில்லையே, தம்பி. வலிக்கவில்லை என்றாய், அற்புதம் என்று நானே நாலு பேரிடம் சொன்னேன். அதை நினைத்தால் இப்போது சோறு இறங்கவில்லை.

நேற்று அத்தானைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடி போய் ஒரு லேடி டாக்டரைப் பார்த்தேன். என் பாதத்தில் குண்டூசியால் லேசாகக் குத்தினார். நான் துள்ளின துள்ளலில் அத்தான் சிரித்துவிட்டார். உன் தம்பிக்கு இந்த உணர்ச்சி எப்போதோ போயிருக்கும், அதனால்தான் தார் சுடவில்லை என்றார் டாக்டர். பிறகு பாதத்தின் மேல் என் விரலையே வைத்துக் காட்டினார். அங்கே நாடி ஓடுகிறது, தம்பி. உன் பாதத்தில் அது நின்றுவிட்டது என்று கிளாடிஸ் எழுதியிருக்கிறாள்.

நீலத் தண்ணீரில் என் சிறுநீரை விட்டுக் காய்ச்சினார்கள். செங்கல் நிறமாக வந்தது, சீனி ஏறிக் கிடக்கிறது என்று அர்த்தமாம். உன்னுடையது எப்போதும் பச்சையில்தான் நிற்குமாம். நீ ஊசி தவறாதவன், டீயில் சீனி தொடாதவன். நான் கிறிஸ்துமஸுக்குக் கிண்டின தொதலைப் பானையில் ஒளித்துவைத்துத் தின்கிறவள். நியாயப்படி பார்த்தால் என் கால்தானே போகவேண்டும் என்று டாக்டரிடம் கேட்டேன். சர்க்கரை எல்லாரையும் ஒரே மாதிரி கெடுப்பதில்லை என்றார் அவர். சிலருடைய ரத்தக்குழாய் பிறவியிலேயே அதைத் தாங்குமாம், சிலருடையது தாங்காதாம். குடும்பவழியில் வருகிற விஷயம் போலிருக்கிறது, ஆனால் ஒரே வயிற்றுப் பிள்ளைகளிலும் ஒருவருக்கு வரும், ஒருவருக்கு வராது, ஏன் என்று டாக்டர்களுக்கே இன்னும் முழுதாகத் தெரியாது என்றார். இதில் என் புண்ணியமும் இல்லை, உன் பாவமும் இல்லை. இனியாவது வாயைக் கட்டு, செருப்பைப் போடு என்று என்னையும் திட்டித்தான் அனுப்பினார்.

அப்பாவைப் பற்றிக் கேட்டார். முத்துக்குளிப்பில் சிப்பி கிழித்த காலைச் சொன்னேன். அப்பாவும் வலிக்கவே இல்லை என்றுதானே சொன்னார். மூக்கும் நடையும் அப்பாவேதான் என்று உன்னைக் கொஞ்சுவார்கள், என்னை அம்மாவை உரித்துவைத்தவள் என்பார்கள். மூக்கோடு ரத்தக்குழாயும் கூடவே வந்ததை யார் கண்டது? உனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. காலை எடுக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் அன்றைக்கே சொன்னார்கள். ஒற்றைக்காலோடு எந்தக் கடலில் முங்குவேன் என்று அப்பா மறுத்துவிட்டார். அம்மா கெஞ்சினதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு காலோடும்தான் அவரை அடக்கம் செய்தோம்.

வீட்டில் ஆடு குட்டி போட்டிருக்கிறது. கிளாடிஸ் கேட்ட உடன்குடிக் கருப்பட்டியை வாங்கிவைத்திருக்கிறேன், ஆள் கிடைத்தால் கொடுத்தனுப்புகிறேன். அது அவளுக்கு மட்டும்தான்.

அடுத்த வருஷம் நான் நடக்கமாட்டேன். சாமியாரிடம் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் போய், கோவில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உன்னோடு திருவிழா பார்க்கப்போகிறேன். ஊர் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். டாக்டர் வீட்டிலிருந்து வரும் வழியில் எனக்குச் செருப்பு வாங்கினேன். உனக்கும் ஒரு ஜோடி எடுத்து, விலையைக் கொடுத்துவிட்டு, வலதுகால் செருப்பைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தேன். கடைக்கார அண்ணாச்சி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மற்றது இங்கே மாதா படத்துக்குக் கீழே இருக்கிறது.

அதைப் போட்டுக்கொள்ள நீ வரவேண்டும், ராசா. கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று ஒரு தந்தி அடி.

தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அக்காள்
பிலோமினா